வலை போட்டால் மூணு நாளைக்கு மீன் சாகிறது: ‘ஸ்ட்ரெஸ் பவுடர்’ தீவனத்தில் கலந்தால் கேட்குமா?

காங்கேயம்_ஜிலேபி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. காங்கேயத்துக்குத் தெற்கே 15 சென்டில் ஷீட் போட்ட பண்ணைக்குட்டை வைத்திருக்கிறேன், தண்ணீர் ஐந்தடி நிற்கும். தென்னைக்குப் பாய்ச்ச வெட்டியது, சும்மா கிடக்கிறதே என்று கிஃப்ட் திலேப்பியா (சீக்கிரம் வளர்கிற ஜிலேபி ரகம்) 3,000 குஞ்சு விட்டேன். ஐந்தாவது மாசம் நடக்கிறது, சராசரி 170 கிராம் இருக்கும். 28 சதவீதப் புரதம் போட்ட மிதவைத் தீவனம்தான், நாளைக்கு 13 கிலோ போகிறது.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை சனிக்கிழமை மத்தியானம் வலை இழுத்து, 250 கிராமுக்கு மேல் இருப்பதைப் பொறுக்கி டிரம்மில் ஏற்றித் திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை உயிரோடு விற்கிறேன். விற்பனைக்குக் குறையில்லை. ஆனால் வலை இழுத்த மறுநாளிலிருந்து மூணு நாளைக்குக் குட்டையில் மிச்சம் இருப்பதில் தினமும் எட்டு, பத்து மிதக்கிறது. செதில் உதிர்ந்த இடம் சிவந்து கிடக்கும், வால் நுனி கிழிந்திருக்கும். நாலு நாளைக்குத் தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. போன தடவை மொத்தம் 31 போச்சு. டிரம்மில் சாகிறது தனி.

மருந்து விற்கிறவர் ஒருத்தர் வந்து பார்த்துவிட்டு “இது ஸ்ட்ரெஸ்” என்று ஒரு பவுடர் சொல்கிறார். டிரிப்டோஃபேன், வைட்டமின் சி, பீட்டெய்ன் எல்லாம் சேர்ந்ததாம். கிலோ 900 ரூபாய், ஒரு கிலோ தீவனத்துக்கு 5 கிராம் கலந்து தினமும் கொடுக்கச் சொல்கிறார். என் கணக்குப்படி நாளைக்கு 58 ரூபாய், மாசம் 1,750 வருகிறது. கேட்குமென்றால் செலவு பெரிய விஷயம் இல்லை. ஆனால் மீனுக்கு மன உளைச்சல் என்று மருந்து வாங்குகிறேன் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். யாராவது கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

---

சென்னிமலை மேட்டாங்காடு பதில்:

தம்பி, அந்த 1,750 ரூபாயைப் பத்திரமா வெச்சுக்கோ. உச்சி வெயிலில் எவனாவது வலை இழுப்பானா? பங்குனி மத்தியானம் மேல் தண்ணீர் கொதிக்கும், அந்த நேரத்தில் 3,000 மீனையும் ஒரு மூலையில் ஒதுக்கிச் சேற்றைக் கலக்கிக் கையில் பொறுக்கினால் சாகாமல் என்ன செய்யும். விடிந்தும் விடியாமல் இழுக்கிறதுதான் முறை. அதுவும் முந்தின நாள் தீவனத்தை நிறுத்தி வயிற்றைக் காலியாக்கிவிட்டு இழுக்கணும். 

இன்னொன்று, ஏரேட்டர், அதுதான் தண்ணீரில் காற்றேற்றுகிற மோட்டார், இருக்கிறதா? இருந்தால் எந்நேரம் ஓடுகிறது? அதைச் சொல்லாமல் பவுடரைப் பற்றிப் பேசுவது வீணுங்க. ஒரு நாள் காலையில் ஐந்து மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு குட்டைக்குப் போய்ப் பார். மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால் உனக்கே விளங்கிவிடும்.

நானும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் டப்பா டப்பாவாக வாங்கிக் கொட்டினேன். கட்லா, ரோகு. மூணு நாள் மூடாக்கு, வெயிலே இல்லை, நாலாம் நாள் விடியக்காலை 200 கிலோ மிதந்தது. டப்பா பாதிகூடத் தீரவில்லை.

---

காங்கேயம்_ஜிலேபி பதில்:

அண்ணா, ஏரேட்டர் இருக்கிறது, ஒரு ஹெச்.பி. பேடில் வீல். ராத்திரி ஒன்பதுக்குப் போடுவேன். ஒரு மணிக்கு அப்பா எழுந்து நிறுத்திவிடுவார், கரண்ட் பில் ஏறுகிறதாம். இரண்டு மூன்று தடவை சண்டையும் போட்டாயிற்று.

---

தீவன ஆலைக்காரன் பதில்:

மேட்டாங்காட்டு அண்ணன் சொன்னது சரி, ஆனால் பவுடர் எல்லாமே பொய் என்று தள்ளிவிடவும் முடியாதுங்க. மீன்வளம் படித்தவன், இப்போது தீவன ஆலையில் வேலை. நான் எதையும் விற்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

மீனுக்கு மன உளைச்சல் என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் உடம்பில் நடப்பது நமக்கு நடப்பதுதான். கண்ணபுரம் சந்தைக்கு ஏற்றிக்கொண்டு போன மாடு ஒரு நாள் தண்ணிகூடச் சரியாகக் குடிக்காமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வலைக்குள் மாட்டின மீனுக்கும் மூளை உத்தரவு போட்டு, தலைச் சிறுநீரகத்தில் இருக்கிற ஒரு திசு கார்டிசால் என்கிற ஹார்மோனைச் சுரக்கிறது, நிமிஷக்கணக்கில் ரத்தத்தில் ஏறிவிடும், கூடவே சர்க்கரையும் ஏறும். தப்பித்து ஓட உடம்பு தயாராகிறது, அவ்வளவுதான். வலையை எடுத்துவிட்டால் சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஒரு நாளில் இறங்கிவிடும். அதனால் யாரும் சாவதில்லை. கெடுதல் எங்கே என்றால், தினமும் ராத்திரி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிற மீனை வலையிலும் போட்டு அமுக்கும்போதுதான். கார்டிசால் இறங்க நேரமே கிடைக்காது, நோயெதிர்ப்பு படுத்துவிடும், தண்ணீரில் எப்போதும் இருக்கிற ஏரோமோனாஸ் மாதிரி பாக்டீரியா செதில் உதிர்ந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் சொன்ன சிவப்பு பெரும்பாலும் அப்படி வருவதுதான், கையில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

இப்போது சேர்மானத்துக்கு வருவோம். டிரிப்டோஃபேன் என்பது ஒரு அமினோ அமிலம், மூளையைச் சாந்தப்படுத்துகிற செரோட்டோனின் ஆவதற்கு மூலப்பொருள். ஆய்வு இல்லாமல் இல்லை. ரெயின்போ ட்ரவுட்டுக்கு, நம் ஊட்டி அவலாஞ்சியில் வளர்க்கிறார்களே அதே மீன், 3 நாள், 7 நாள், 28 நாள் என்று கொடுத்துப் பார்த்தார்கள். 7 நாள் கொடுத்ததில்தான் பயமுறுத்தியபோது கார்டிசால் குறைவாக ஏறியது. மும்பை மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தில் மிருகால் கெண்டையின் விரல் நீளக் குஞ்சுகளை நெரிசலில் வைத்து இதே டிரிப்டோஃபேனைத் தீவனத்தில் கூட்டிக் கொடுத்தார்கள், 2009-இல் வெளிவந்தது, நெரிசலின் பாதிப்பு குறைந்து வளர்ச்சியும் தேறியது. ஆக, சரக்கு வேலை செய்யும். ஆனால் இதையே வருஷம் முழுக்கக் கொட்டுவதில் அர்த்தம் இல்லை, வலை இழுக்கப் போகிற தேதி தெரிந்தால் அதற்கு ஒரு வாரம் முன்னால் ஆரம்பிக்கிற விஷயம் இது. அதிலும் மூளைக்குள் போகிற வாசலில் லூசின், வேலின், டைரோசின் எல்லாம் போட்டிக்கு நிற்கும், அதனால் கிள்ளிப்போட்டால் உள்ளேயே போகாது.

அந்த டப்பாவின் லேபிளைப் பார்த்து அப்படியே இங்கே எழுதுங்கள். ஒரு கிலோவில் எது எத்தனை கிராம் என்று.

---

காங்கேயம்_ஜிலேபி பதில்:

சாம்பிள் பாக்கெட் ஒன்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு கிலோவில்: எல்-டிரிப்டோஃபேன் 10 கிராம், வைட்டமின் சி 20 கிராம், பீட்டெய்ன் 50 கிராம், மீதி ‘கேரியர்’ என்று போட்டிருக்கிறது.

---

தீவன ஆலைக்காரன் பதில்:

நினைத்தேன். கணக்கைப் பாருங்க. ஒரு கிலோ தீவனத்துக்கு 5 கிராம் பவுடர் என்றால் அதில் டிரிப்டோஃபேன் 50 மில்லிகிராம். உங்கள் 28 சதவீதப் புரதத் தீவனத்தில், ஒன்றும் சேர்க்காமலே, கிலோவுக்குக் கிட்டத்தட்ட 3,000 மில்லிகிராம் டிரிப்டோஃபேன் இருக்கும். மூவாயிரத்தோடு ஐம்பதைச் சேர்த்து என்ன ஆகப்போகிறது? ஆய்வுகளில், தீவனத்தில் ஏற்கெனவே இருக்கிற அளவைப் பல மடங்காக்கிக் கொடுத்தார்கள், கிலோவுக்குக் கிராம் கணக்கில். இந்தப் பவுடரில் டிரிப்டோஃபேன் லேபிளுக்காக இருக்கிறது, மீனுக்காக இல்லை. கிலோவில் 920 கிராம் கேரியர், அதாவது பெரும்பாலும் தவிடோ சுண்ணாம்புத் தூளோ.

வைட்டமின் சி மட்டும் கிலோ தீவனத்துக்கு 100 மில்லிகிராம் வருகிறது, அது பரவாயில்லை. ஆனால் அது எந்த வடிவம் என்று போடவில்லையே.

---

நாமக்கல் முட்டை பதில்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும், நான் மீன்காரன் இல்லை, லேயர் பண்ணை. சித்திரை வெயிலில் கோழிக்கு நாங்கள் வைட்டமின் சி, பீட்டெய்ன், சோடாப்பு எல்லாம் தண்ணியிலேயே விட்டுவிடுவோம். கோழி மூச்சிரைப்பது குறையும், முட்டை ஓடும் ஓரளவு நிற்கும். இதே சரக்கு நாமக்கல்லில் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது, 900 கொடுக்கவே வேண்டாம். வாங்கிக் குட்டையில் ஊற்றிவிட வேண்டியதுதானே?

---

தீவன ஆலைக்காரன் பதில்:

நாமக்கல் அண்ணா, நல்ல கேள்வி, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கோழி தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தன் சிறுநீரகத்திலேயே செய்துகொள்ளும், வெயிலில் பற்றாக்குறை வரும்போது நீங்கள் கொஞ்சம் கைகொடுக்கிறீர்கள். திலேப்பியா, கெண்டை மாதிரி மீன்களுக்கு அதைச் செய்கிற நொதியே கிடையாது, நம்மைப்போல. வாய்வழியாகத்தான் வரணும். கார்டிசால் செய்கிற அந்தத் திசுவில்தான் வைட்டமின் சி நிறையச் சேர்ந்திருக்கும், மீன் மிரளும்போது அது கரைந்துபோகும். 

கோழி நிப்பிளில் குடிக்கும், ஊற்றினது வயிற்றுக்குப் போகும். 900 கன மீட்டர் தண்ணீரில் ஊற்றினால் பாசிக்குத்தான் விருந்து. தீவனத்தில்தான் போகணும். அதிலும் மருந்துக்கடையில் கிடைக்கிற சாதா அஸ்கார்பிக் அமிலம் காற்றிலும் சூட்டிலும் வெளிச்சத்திலும் கெட்டுவிடும், தண்ணீரில் தீவனம் மிதக்கிற நேரத்திலேயே பாதி கரைந்துபோகும். அஸ்கார்பில் பாஸ்பேட் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் தாங்கும். 35 சதவீதம் என்று போட்டு வரும். கிலோ தீவனத்துக்கு 500 மில்லிகிராம் வைட்டமின் சி கொடுக்கணுமென்றால் அந்தப் பவுடர் ஏறக்குறைய ஒன்றரை கிராம். 13 கிலோவுக்கு 19 கிராம். சும்மா வளர்வதற்கு இவ்வளவு தேவையில்லை, 50 மில்லிகிராமே போதும், தொந்தரவு வரும் என்று தெரிந்த வாரத்துக்குத்தான் இந்தக் கூடுதல்.

கலக்கும் முறை: நிழலில் தார்ப்பாயை விரித்துத் தீவனத்தைப் பரப்பிக்கொள்ளுங்கள். பவுடரை ஒரு டம்ளர் ஆறின அரிசிக் கஞ்சியில் கரைத்து ஸ்பிரேயரிலோ வேப்பங்கொத்தாலோ மேலே தெளித்துக் கையால் புரட்டணும். அரைமணி உலரவிட்டு, மேலே கிலோவுக்கு 20 மில்லி மீன் எண்ணெயோ நல்ல சமையல் எண்ணெயோ பூசிவிட்டால் தண்ணீரில் சீக்கிரம் கழுவிப்போகாது. அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே போட்டுவிடணும், மூட்டையில் கட்டி வைக்காதீர்கள், பூசணம் பிடித்தால் அது தனித் தலைவலி. 

ஒன்று கவனியுங்கள், தின்னாத மீனுக்கு இது எதுவும் போய்ச் சேராது. வலை இழுத்த பிறகு நாலு நாள் தின்பதில்லை என்கிறீர்கள், அந்த நாலு நாளில் பவுடர் கலந்தால் ஷீட்டின் அடியில்தான் சேரும்.

---

சென்னிமலை மேட்டாங்காடு பதில்:

கணக்கெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனால் இந்தத் தம்பி இன்னும் ஏரேட்டர் விஷயத்துக்குப் பதிலே பெறவில்லை. ஒரு மணிக்கு நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாராவது சொல்லுங்கள், நான் சொன்னால் பழைய ஆள் பேச்சு என்பார்கள்.

---

தீவன ஆலைக்காரன் பதில்:

மறந்துவிட்டேன், திட்டுங்கள் அண்ணா.

ஜிலேபி, ஏரேட்டர் இல்லாத குளத்துக்குப் பாதுகாப்பான தீவன அளவு ஏக்கருக்கு நாளைக்கு 12-லிருந்து 16 கிலோ. உங்கள் 15 சென்டுக்கு இரண்டு கிலோ சொச்சம். நீங்கள் போடுவது 13. ஆறு மடங்கு. அந்த ஒரு ஹெச்.பி. மோட்டார்தான் இத்தனை மீனையும் உயிரோடு வைத்திருக்கிறது. பகலில் பச்சைத் தண்ணீர் ஆக்சிஜனை உண்டாக்கும், ராத்திரி அந்தப் பாசியே மீனோடு சேர்ந்து ஆக்சிஜனைத் தின்னும். அதனால் ஒன்பது மணிக்குத் தண்ணீரில் ஆக்சிஜன் இன்னும் இருக்கும், குறைந்துகொண்டே போய் விடியற்காலை நாலு, ஐந்து, ஆறு மணிக்குத்தான் அடிமட்டம். நீங்கள் தேவையில்லாத நேரத்தில் ஓட்டி, தேவையான நேரத்தில் நிறுத்துகிறீர்கள். அதே நாலு மணி நேரம், அதே பில், இரண்டு மணிக்குப் போட்டு வெயில் ஏறும்வரை ஓட்டிப் பாருங்கள். உங்கள் அப்பாவுக்கும் வேலை மிச்சம், அவர் நிறுத்தப் போகிற நேரத்தில் நீங்கள் போடப் போகிறீர்கள். மேகமூட்டமான ராத்திரியில் மட்டும் முழுக்க ஓடவிட வேண்டும், அதில் பேரம் பேசக்கூடாது.

அப்படியே சாயங்காலம் தண்ணீரின் பி.எச். (அமில-கார அளவு) பாருங்கள். பச்சைத் தண்ணீரில் 9 வரை போகும். பி.எச். 8-இல் இருக்கும்போது மீன் கழிவில் வருகிற அம்மோனியாவில் விஷமாக இருப்பது 6, 7 சதவீதம்தான், 9-க்குப் போனால் அது 40 சதவீதமாகிவிடும். அந்த நேரத்தில் வலை இழுக்கவே கூடாது.

---

கோபி வாய்க்கால்கரை பதில்:

எங்கள் வீட்டில் மீன் பார்ப்பது நான்தான், கீழ்பவானி வாய்க்கால் தண்ணி. யாரும் மஞ்சளைச் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். ஈரோட்டுக்காரி மஞ்சளைச் சொல்லாமல் இருந்தால் எப்படி, புவிசார் குறியீடே வாங்கி வைத்திருக்கிறோம். வலை இழுப்பதற்குப் பத்து நாள் முன்னாலிருந்து கிலோ தீவனத்துக்கு 5 கிராம் மஞ்சள்தூள், 10 கிராம் பூண்டு அரைத்து நல்லெண்ணெயில் குழைத்துக் கலப்பேன். பூண்டு வாசத்துக்கு மீன் ஓடி வந்து தின்னும், அதை நான் கண்ணால் பார்க்கிறேன். செதில் புண்ணும் முன்னைக்கு இப்போது குறைவு. ஒருதடவை ஆசைப்பட்டு மஞ்சளை இரண்டு மடங்காகப் போட்டேன், தீவனத்தை வாயில் வாங்கி வாங்கித் துப்பியது. அளவோடுதான்.

பவுடர் விற்கிற ஆள் அடுத்தது “கூட ஒரு ஆன்டிபயாடிக்கும் போட்டுவிடலாம்” என்பார் பாருங்கள், எங்களிடம் அப்படித்தான் ஆரம்பித்தது. வாங்கிவிடாதீர்கள் தம்பி. குளோராம்ஃபெனிக்கால், நைட்ரோஃபியூரான் எல்லாம் மீனுக்குத் தடை செய்தது. பெயர் ஒட்டாத பாக்கெட்டில் எது இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

---

தீவன ஆலைக்காரன் பதில்:

அக்கா சொன்ன எண்ணெய் விஷயம் முக்கியம். மஞ்சளில் இருக்கிற குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயோடு போனால்தான் கொஞ்சமாவது உடம்பில் ஏறும். பூண்டும் மஞ்சளும் நோயெதிர்ப்புக்குக் கைகொடுக்கும், வாரக்கணக்கில் பலன் தெரியும். ஈஸ்ட் செல் சுவரிலிருந்து எடுக்கிற பீட்டா குளுக்கானும் இந்த வகைதான், அதையும் விட்டு விட்டுத்தான் கொடுக்கணும், நிறுத்தாமல் கொடுத்தால் பலன் மங்கிப்போகும். ஆனால் இவற்றை அன்றாடத் தொந்தரவுக்கு மருந்தாக நினைக்காதீர்கள்.

டிரம்முக்கு ஒரு வார்த்தை. கல்லுப்பு. 200 லிட்டர் டிரம்மில் 600 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை. மீன் ரத்தத்தில் இருக்கிற உப்பு குட்டைத் தண்ணீரில் இருப்பதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். மிரண்ட மீனுக்குச் செவுள் வழியாக உப்பு வெளியே ஒழுகும், தண்ணீர் உள்ளே ஏறும். வெளித்தண்ணீரில் உப்பு இருந்தால் அந்த ஒழுக்கு குறையும். கிலோ உப்பு என்ன விலை, 900 ரூபாய் பவுடர் என்ன விலை. டிரம்மில் போர் தண்ணீரை நேராகப் பிடிக்காதீர்கள், அதில் ஆக்சிஜனே இருக்காது, ஒரு ராத்திரி காற்றடித்து வைத்த தண்ணீர், இல்லையென்றால் குட்டைத் தண்ணீரையே வடிகட்டி.

---

பல்லடம் கணக்கு பதில்:

எல்லாரும் நல்லது சொல்கிறீர்கள், ஆனால் இவர் ஏரேட்டர் நேரத்தை மாற்றி, காலையில் வலை இழுத்து, பட்டினி போட்டு, வைட்டமினும் கொடுத்து, மஞ்சளும் கொடுத்து, அடுத்த தடவை மீன் சாகவில்லையென்றால் எதனால் சாகவில்லை என்று எப்படித் தெரியும்? அப்புறம் ஆயுசு முழுக்க அஞ்சையும் செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான். 

குட்டையில் இரண்டு ஹாப்பா (வலையில் தைத்த கூண்டு) கட்டுங்கள், ஒரே அளவு, பக்கத்துப் பக்கத்தில். ஒவ்வொன்றிலும் ஒரே எடையில் 50 மீன். ஒன்றுக்கு வைட்டமின் கலந்த தீவனம், இன்னொன்றுக்குக் கஞ்சியும் எண்ணெயும் மட்டும் பூசின தீவனம், ஏனென்றால் எண்ணெய்க்கே மீன் நன்றாகத் தின்னும். பத்து நாள் கழித்து இரண்டையும் ஒரே காலையில் தூக்கி, ஒரே நிமிஷக்கணக்கு வெளியே வைத்து, திரும்ப விட்டு, மூணு நாள் எண்ணுங்கள். கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தால் நம்பாதீர்கள், மூணுக்கு ஐந்து என்பதெல்லாம் வித்தியாசமே இல்லை. இரண்டுக்குப் பத்து என்று வந்தால் வைட்டமினை வாங்குங்கள். அதையும் இன்னொரு தடவை செய்துபார்த்துவிட்டு.

---

காங்கேயம்_ஜிலேபி பதில் (பதினெட்டு நாள் கழித்து):

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி, மேட்டாங்காட்டு அண்ணன் சொன்ன மாதிரி காலையில் ஐந்தே காலுக்குப் போனேன். டார்ச் அடித்தால் தண்ணீர் முழுக்க வாய். மழை பொட்டுப் பொட்டாக விழுவதுபோல ஒரு சத்தம், அது அத்தனை மீனும் வாய் திறந்து மூடுகிற சத்தம். இத்தனை நாள் ஏழு மணிக்குத்தான் போவேன், அதற்குள் வெயில் வந்து எல்லாம் கீழே போயிருக்கும், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே. அப்பாவையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து இரண்டு மணிக்கு அவரே எழுந்து மோட்டாரைப் போடுகிறார்.

நேரத்தை மாற்றி நாலாம் நாள் அதே ஐந்தே காலுக்கு 4 காட்டியது. தீவனத்தையும் 10 கிலோவாகக் குறைத்தேன். பவுடர்காரருக்கு வேண்டாம் என்று சொன்னேன், லேபிள் கணக்கைச் சொன்னதும் “அது கம்பெனி பார்முலா சார்” என்றார், வேறு பதில் இல்லை. நாமக்கல்லில் பாஸ்பேட் வடிவ வைட்டமின் சி கேட்டு வாங்கி ஏழு நாள் கஞ்சியில் கலந்து கொடுத்தேன். வெள்ளிக்கிழமை தீவனம் நிறுத்தி, சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஏரேட்டர் ஓட ஓட வலை. பெரியதைப் பொறுக்கி, உப்புத் தண்ணீர் டிரம்.

குட்டையில் மூணு நாளில் செத்தது 4. டிரம்மில் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளே தீவனத்துக்கு வந்துவிட்டது.

---

பல்லடம் கணக்கு பதில்:

சந்தோஷமுங்க. ஆனால் நான் பயந்த மாதிரியே செய்துவிட்டீர்களே! 31-இலிருந்து 4 ஆனதில் வைட்டமினுக்கு எத்தனை, ஏரேட்டருக்கு எத்தனை?

---

சென்னிமலை மேட்டாங்காடு பதில்:

ஏரேட்டருக்கு 27.

---

தீவன ஆலைக்காரன் பதில்:

அண்ணனோடு இந்தத் தடவை நானும் சண்டை போட மாட்டேன். இருந்தாலும் சித்திரை, வைகாசி வருகிறது, 30 டிகிரிக்கு மேல் தண்ணீர் போனால் ஆக்சிஜன் முழுக்கப் பிடித்தாலே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராமுக்குள்தான் நிற்கும். அப்போது வைட்டமின் வேலை செய்கிறதா இல்லையா என்று தெரிந்திருந்தால் நல்லது. ஹாப்பா கட்டிப் பாருங்கள்.

---

காங்கேயம்_ஜிலேபி பதில்:

கட்டத்தான் போகிறேன். அடுத்த வலை இரண்டு வாரத்தில், அதற்குள் ஹாப்பா வேணும். 170 கிராம் மீனுக்கு எந்தக் கண்ணி வலை எடுப்பது? ஈரோட்டில் எங்கே தைத்துக் கொடுப்பார்கள்? பவானிசாகர் மீன் பண்ணைப் பக்கம் கேட்டால் கிடைக்குமா?

---

கோபி வாய்க்கால்கரை பதில்:

பவானிசாகருக்கு அலையாதீர்கள், என்னிடம் பழையது இரண்டு கிடக்கிறது. முடிச்சில்லாத வலை, ஒரு சென்டிமீட்டர் கண்ணி, மீன் உடம்பில் உரசாது. ஒன்றில் எலி கடித்த ஓட்டை இருக்கிறது, தைத்துக்கொள்ளணும். ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் வரும்போது சொல்லுங்கள், தம்பி அந்தப் பக்கம் வருவான், கொடுத்துவிடுகிறேன். பதிலுக்கு இரண்டு கிலோ மீன் போதும்.